தாயம்மா காயம் போட்ட மரங்கள்

நாற்பது பேர் உட்கார்ந்திருந்த பஸ்ஸில் ஏறி எந்தப் பெண்ணாவது ஓடிப்போவாளா? அதுவும் காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகிற சனம் முழுக்க ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது? டிரைவரோடு போய்விட்டாளாம். அந்த டிரைவர் சீனக் கிழவர். அறுபது வயது, ஒரு கண்ணில் பூ விழுந்தவர். தோட்டத்திலிருந்து ஈஜோக் தாண்டி ரவாங் டவுன் போய்ச் சேருவதற்குள் நாலு தடவை வண்டியை நிறுத்தி இருமுகிறவர். அவரோடு ஓடிப்போக தாயம்மாவுக்கு என்ன வந்தது?

சொல்கிறவர்களுக்கு நாக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதைப் பத்து வீட்டுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பேய் பிடித்தது என்றார்கள். மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். மகளைச் சுங்கை பஞ்சாங்கில் கட்டிக் கொடுத்து முழுதாக இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் இவளுக்குப் புது மாப்பிள்ளை கேட்கிறதா என்றார்கள். இதில் எதையும் பேசாமல் நடந்ததை மட்டும் பேசுங்கள். நடந்தது மரத்தில் இருந்தது. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்திருக்கலாம்.

தாயம்மா கோபக்காரிதான். இல்லை என்று யார் சொன்னது? தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற அந்த லயத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத கோழி கிடையாது. பக்கத்து வீட்டு அன்னம்மா வளர்த்த சேவல் வாசலில் எச்சமிட்டது என்று ரப்பர் பால் வாளியை விட்டெறிந்து அதன் காலை நொண்டியாக்கியவள் அவள்தான். அன்னம்மா வேறு யாருமில்லை. தாயம்மாவின் புருஷன் காளியண்ணனுக்கு உடன்பிறந்த அக்காள். சேவலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு நேரே வந்து நின்று, "என் தம்பி தலையில இப்படி ஒரு சனியன் வந்து விடியும்னு யாரு கண்டா?" என்று அன்னம்மா கத்த, "சனியனைத் தேடி வந்து பொண்ணு கேட்டது நீங்கதானே அண்ணி, மறந்துட்டீங்களா?" என்று இவள் கத்த, குழாயடி முழுக்கச் சிரித்தது. சண்டை போட்டால் சனம் சிரிக்கும். சாயந்திரம் அதே அண்ணியிடம் கருவேப்பிலை கேட்டுப் போவாள், அன்னம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே கிள்ளித் தருவாள். இருபது வருஷமாக அப்படித்தான் ஓடியது. அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்தக் கோபக்காரியின் கையில் உளியைக் கொடுத்தால் கதை வேறு. பதினாலு வயதில் பிரட்டில் பெயர் பதிந்தவள். பிரட்டு என்றால் விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் அன்றைக்கு வேலை. "தாயம்மா, ஆறாம் நம்பர்" என்று வேலை வாங்குகிற மண்டோர் கூப்பிட்டு, "இருக்கேன்" என்று அவள் சொல்லி இருபத்து நாலு வருஷம். தகப்பன் பெயரிலும் இல்லை, புருஷன் பெயரிலும் இல்லை. ரப்பர் மரப்பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவுவாள். அதற்குக் கீழே கால் நூல் இறங்கினால் மரத்தின் உள் எலும்பு தெரியும். அதைத்தான் காயம் என்பார்கள். காயம் பட்ட இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டு விழும். தாயம்மாவின் நிரையில், அவளுக்கென்று பிரித்துவிட்ட மர வரிசையில், முண்டு பார்ப்பது அரிது. மற்றப் பெண்கள் எரிச்சலோடு சொல்வார்கள், "அவ மனுசனைத்தான் வெட்டுவா, மரத்தை வெட்ட மாட்டா."

எண்பத்தேழாம் வருஷம் ரவாங்கிலிருந்து ஓர் ஆள் வந்தான். கோயில் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ரப்பர் கையுறை செய்கிற பெக்டரி, பால் வாடை பழகிய பெண்கள் வேண்டும், கம்பெனியே பஸ் விடும் என்றான். கொமரிப் பெண்கள்தான் மொய்த்தார்கள். வயசானவர்களில் லீலாவதி ஒருத்திதான் முன்னால் போனாள். புருஷன் செத்து மூன்று வருஷம், தடுக்க ஆள் இல்லை. பெருவிரலை மையில் அமுக்கி வைத்துவிட்டு வந்தாள்.

தாயம்மா வாசலிலிருந்தே கேலி செய்தாள். "ஏண்டி லீலாவதி, வெள்ளைக்காரன் கைக்கு ஒறை தைக்கப் போறியா? அவன் கால் கழுவ ஆள் வேணும்னாலும் போவ போலிருக்கு!"

"நீயும் வாயேன் லா" என்றாள் லீலாவதி. "உன் கைக்கு அங்க கிராக்கி."

"எனக்கென்ன தலைவிதியா? வீடு இருக்கு, புருஷன் இருக்கான், நிரை இருக்கு."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் அம்மியைப் புரட்டிப் போட்டாள். கால் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

ஒரு மாதம் போயிருக்கும். மண்டோர் சின்னையா நிரை பார்க்க வந்தார். மரம் மரமாகப் போய், காயம் பட்ட இடத்தில் வெள்ளைச் சாக்குக்கட்டியால் வட்டம் போடுவார். மற்றவர்கள் நிரையில் ஆங்காங்கே ஒன்று இரண்டு. தாயம்மாவின் நிரையில் போட்ட வட்டத்தில் சாக்குக்கட்டி தீர்ந்து, இன்னொன்று எடுத்தார்.

"தாயம்மா, மரம் சீவச் சொன்னா நீ ஆடு உரிக்கிற. எத்தனை காயம் பாரு."

"மரம் முத்தல், அண்ணே. பட்டை கல்லாக் கெடக்கு."

"பக்கத்து நிரையும் அதே வயசு மரம்தான். கல்லு மரத்துல இல்ல, உன் கையில இருக்கு. நாளைக்குத் துரை பார்த்தா என் தொப்பியக் கழட்டுவாரு."

சுற்றி இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தாயம்மா வாளியைத் தரையில் மோதி வைத்தாள். "சிரிங்கடி! உங்க நிரையில மண்டோர் கண்ணை மூடிக்கிட்டுல்ல போறாரு!" என்றாள். சின்னையாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அத்தோடு போனார்.

எல்லாரும் பால் நிறுக்கப் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். மண்டோர் பொய் சொல்கிறார் என்று காட்ட வேண்டும், அதற்குத்தான். முதல் மரத்தில் வட்டம் எங்கே என்று பார்த்தாள். பக்கத்து மரத்தில் பார்த்தாள். அதற்கடுத்ததில் பார்த்தாள். வட்டங்கள் ஒன்றும் கண்டபடி விழவில்லை. எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில், வரிசையாக நின்றன. ஒரு வரிசை, நடுவில் சுத்தமான பட்டை, மறுபடி ஒரு வரிசை.

மரம் சீவுகிறவளுக்கு இது எழுத்து. இன்று சீவியது அடியில் இருக்கும். ஒவ்வொரு சீவலும் ஒரு மெல்லிய கோடு. கீழேயிருந்து கோடு எண்ணிக்கொண்டு மேலே போனால் எந்த நாள் என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடப் பக்கம் போகாத தாயம்மா நகத்தால் எண்ணிக்கொண்டு போனாள். காளியண்ணன் குடித்துவிட்டு வந்து ரேடியோவை உடைத்த நாள் எங்கே? அங்கே பட்டை கண்ணாடி மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரியே அவனை மூதேவி, முண்டம் என்று லயம் கேட்கத் திட்டித் தீர்த்துவிட்டாள் அல்லவா! சேவல் சண்டை நாள்? அதுவும் சுத்தம். சரி, காயம் விழுந்த நாள் எது? மேலே இருந்த வரிசை, ரவாங் ஆள் வந்துபோன மறுநாள். நடுவில் இருந்தது, லீலாவதி பெக்டரியில் முதல் வாரம் முடித்து வந்து, சட்டையில் குத்துகிற அட்டையைக் காட்டிய மறுநாள். அந்த அட்டையில் லீலாவதியின் படம் இருந்தது, பெயரும் இருந்தது. "நல்லா இருக்குடி" என்று தாயம்மா சிரித்தாள்தான். சிரித்ததுதான் அங்கே வரிசையாக நின்றது.

அடியில் இருந்த வரிசைக்கு நாள் கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. அன்றைக்குச் சண்டையே இல்லையே என்று யோசித்தாள். பிறகு ஞாபகம் வந்தது. காளியண்ணன் அக்காளோடு பேசிக்கொண்டிருந்தான். ஆறாம் நம்பர் தீம்பாரை, இவள் சீவுகிற ரப்பர் காட்டை, அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்கள் என்று ஆபிஸ் கிராணி சொன்னாராம். "நல்லதாப் போச்சு, அக்கா. நான் குலை வெட்டுவேன், இவ பின்னாடி உதிரிப் பழம் பொறுக்குவா." தாயம்மா அடுப்படியில் நின்று கேட்டாள். அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இதுவரைக்கும் தன் எரிச்சலுக்கெல்லாம் குடிகாரப் புருஷனும் வாயாடி நாத்தனாரும்தான் காரணம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவர்களோடு சண்டை போட்ட நாளெல்லாம் மரம் பிழைத்திருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்பதை விழுங்கிய நாளெல்லாம் மரம் செத்திருந்தது. தாயம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்த மரத்தை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு மீனில் உப்பு கூடிவிட்டது. காளியண்ணன் தட்டைத் தள்ளினான். "பாசிர் பெனம்பாங் கடல் தண்ணியையே ஊத்தி ஆக்கினியா?"

அவளுக்கு வயிற்றிலிருந்து சூடு ஏறியது. காது வரைக்கும் வந்துவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில்தான் வாய் திறக்கும். இந்தத் தடவை, சூடு எங்கிருந்து கிளம்பியது என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். மீன் இல்லை. மீனில் உப்பு கூடியது உண்மைதான்.

"உப்பு கூடிருச்சு" என்றாள். "ஏங்க, நான் அந்தக் கையுறை பெக்டரிக்குப் போகணும். எனக்கு ஆசையா இருக்கு."

காளியண்ணன் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. திட்டினால் பதில் வைத்திருப்பான்.

"ஆசையா? இந்த வயசுலயா? யாரு கிளப்பிவிட்டா?"

"யாரும் கிளப்பல. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

அவன் எழுந்து கைகூடக் கழுவாமல் அக்காள் வீட்டுக்குப் போனான்.

அங்கேதான் வந்தது வினை. தாயம்மா கத்தியிருந்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்திருப்பார்கள். மெதுவாகப் பேசினாள், அதுதான் லயத்துக்குத் தாங்கவில்லை. அன்னம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், "தாயம்மா கோபப்படவே மாட்டேங்குறா. ஏதோ இருக்கு." குழாயடியில் இவள் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி காறித் துப்பினாள், இன்னொருத்தி தன் மகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். இருபது வருஷம் இவளோடு சண்டை போட்டவர்கள்தான். சண்டைக்காரியோடு பழகத் தெரிந்தது, இவளோடு தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காளியண்ணனும் அன்னம்மாவுமாக அவளை முனீஸ்வரர் கோயிலுக்கு இழுத்துப் போனார்கள். பூசாரி ஐயாவு வேப்பிலையால் முகத்தில் அடித்து, "யாருடி நீ? எங்கிருந்து வந்த? சொல்லு!" என்றார்.

"நான் தாயம்மா. ஆறாம் நம்பர்."

"பொய் சொல்லாத! எவன் அனுப்புனான்?" என்று மறுபடி அடித்தார். மூன்றாவது அடிக்கு தாயம்மா பூசாரியின் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. அது தப்புத்தான். அவளே சொன்னாள், தப்பு என்று. மறுநாள் மஞ்சள் அரைத்து எடுத்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போய், "கோபத்தை அடக்க முடியல, பூசாரியண்ணே. நேத்து நான் தோத்துட்டேன்" என்று மன்னிப்புக் கேட்டாள். அதற்கும் என்ன சொன்னார்கள் தெரியுமா? பேய் இறங்கிவிட்டதாம், வேப்பிலை வேலை செய்ததாம்! இரண்டு நாள் அன்னம்மா நல்ல முகத்தோடு கருவேப்பிலை கொடுத்தாள். மூன்றாம் நாள் தாயம்மா, "அண்ணி, லீலாவதிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன், பேர் பதியச் சொல்லி" என்றாள். அன்னம்மா கையிலிருந்த கொத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்கு வயசு என்னன்னு ஞாபகம் இருக்கா? அங்க பதினெட்டு வயசுக் குட்டிங்க நிப்பாளுங்க. உன்னையப் பார்த்துட்டு, இந்த ஆயா எதுக்குன்னு தொரத்துவான். மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவ. அன்னைக்கு லயமே வாசல்ல நின்னு சிரிக்கும், நான் முதல்ல சிரிப்பேன்."

சூடு ஏறியது. மறுபடி பார்த்தாள், எங்கிருந்து என்று. கோபத்துக்குக் கீழே பயம் கிடந்தது. அன்னம்மா சொல்வது போலவே நடந்துவிடுமோ என்று மூன்று நாளாக அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு, அண்ணி" என்றாள்.

சண்டை போட வழி இல்லாத கோபத்தில்தான், எவனோ இருக்கிறான் என்ற கதையை அன்னம்மா அன்றைக்குக் கட்டினாள்.

அடுத்த மாதம் பிரட்டில் சின்னையா அறிவித்தார். தீம்பாரைச் சாய்க்க நாள் குறித்தாகிவிட்டது. அதுவரைக்கும் மரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், காயம் பட்டாலும் கேட்க மாட்டேன், மேலும் கீழும் எத்தனை பால் வருமோ அத்தனையும் எடுங்கள் என்றார். சனம் புகுந்து வெட்டியது. புருஷனை நினைத்து வெட்டினவர்கள், மாமியாரை நினைத்து வெட்டினவர்கள், கிராணியை நினைத்து வெட்டினவர்கள் எல்லாரும் உண்டு. மரங்கள் ரணகளமாக நின்றன. தாயம்மாவும் மேலும் கீழுமாகத்தான் வெட்டினாள், ஆனால் பழையபடி நூல் கனத்துக்கு. வெட்டி முடித்து, போகிறபோது ஒரு தடவை தடவிப் பார்ப்பாள், இன்றைக்குக் கை எப்படி இருந்தது என்று. "சாகப்போற மரத்துக்குச் சீவிச் சிங்காரிக்கிறா பாரு" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

மரம் சாய்ந்த திங்கட்கிழமை, ஏற்கெனவே காய்க்கிற பழைய செம்பனைக்கு ஆள் பிரித்தார்கள். சின்னையா கூப்பிட்டார். "காளியண்ணன், மூணாம் நம்பர். பின்னால ஒரு ஆள்." அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

தாயம்மா கையைத் தூக்கினாள். "அண்ணே, என் பேரைக் கூப்பிடல."

"அதான் சொன்னேனே, பின்னால ஒரு ஆள்னு. நீதான் அது."

"எனக்குப் பேர் இருக்கு."

"புருஷன் பொஞ்சாதி சேர்ந்து ஒரு எடைதான் போடுவாங்க. அவன் பேர் போதும். நின்னு நேரத்தை ஓட்டாத."

காளியண்ணன் பல்லைக் கடித்தான். "மானத்தை வாங்காதடி. பொறுக்குறதுக்குப் பேரு எதுக்கு?"

அந்த வாரம் முழுக்க அவள் பொறுக்கினாள். ஓடிப்போகிறவள் பொறுக்குவாளா, கேளுங்கள். முள்ளு மட்டையை இழுத்து அடுக்கினாள், உதிர்ந்த பழத்தைச் சாக்கில் கட்டினாள், விரல் பத்திலும் முள் ஏறியது. ஒவ்வொரு காலையும் "பின்னால ஒரு ஆள்" என்பதைக் கேட்டாள். ஒவ்வொரு காலையும் தனக்குள்ளே கேட்டுப் பார்த்தாள், இது ஒரு வாரத்துச் சலிப்பா, நாள் போனால் பழகிவிடுமா என்று. வேலை பழகியது. அது பழகவில்லை. சனிக்கிழமை லீலாவதி சேதி கொண்டுவந்தாள்: திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள், வயசு கேட்கவில்லை, கையைக் காட்டினால் போதும் என்றார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். ஒளித்துச் செய்யவில்லை. காலையில் பஸ்ஸில் போவேன், சாயந்திரம் ஏழு மணிக்கு வந்துவிடுவேன், சோறு ஆக்கிவைத்துவிட்டுப் போவேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாயை உதறிப் படுத்தான்.

திங்கட்கிழமை வெளுக்கும் நேரம். சோறு ஆக்கி மூடிவைத்து, தலையைச் சீவி, வெள்ளையில் நீலப் பூப் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வந்தபோது காளியண்ணன் கதவடியில் நின்றான். வெளியே அன்னம்மா, அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி கூட்டம்.

"நீ இல்லாம யாருடி எனக்குப் பழம் பொறுக்குவா? ஒத்தையில வெட்டினா பாதி நாளாயிடும். என்னை நெனச்சியா?"

அவனும் பயந்துதான் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் திட்டத் தோன்றவில்லை.

"நெனச்சேன். ஆளு பாருங்க, கிடைக்கும். நான் சாயந்திரம் வந்துருவேன்."

"படி தாண்டினா சாயந்திரம்லாம் கிடையாது. இந்த வீடு என் பேர்ல தோட்டம் குடுத்தது. போறதுன்னா ஒரேடியாப் போ. திரும்பி வந்து கதவைத் தட்டாத."

"அப்படிச் சொல்லு தம்பி!" என்றாள் அன்னம்மா.

தாயம்மா நின்றாள். இதை அவள் நினைத்திருக்கவில்லை. வேலைக்குப் போகத்தான் கிளம்பினாள், வீட்டை விட்டுப் போக இல்லை. பிறகு திரும்பி உள்ளே போனாள்.

வெளியே ஒரு சிரிப்புக் கிளம்பியது. காளியண்ணன் கதவை விட்டு நகர்ந்து பீடி பற்ற வைத்தான். அன்னம்மா, "அவ்வளவுதான் லா இவ வீரம். எல்லாம் போய் வேலையைப் பாருங்க" என்றாள்.

உள்ளே தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அடையாளக் கார்டு, சேலை இரண்டு, சீப்பு, மகள் கல்யாணத்தில் எடுத்த படம். எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டு தாயம்மா வந்தாள். சிரிப்பு நின்றது.

"எவன்டி அவன்? போறதுக்கு முந்தி அதையாச்சும் சொல்லிட்டுப் போ!" என்று அன்னம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

தாயம்மா புருஷனைப் பார்த்து, "சட்டியில ரசம் இருக்கு, சூடு பண்ணிக்குங்க" என்றாள்.

"எப்ப வருவ?" என்று கேட்டுவிட்டான் காளியண்ணன். வாய் தவறித்தான் வந்தது. கேட்ட பிறகு பீடியைத் தரையில் போட்டு மிதித்தான்.

"நீங்கதானே வரவேண்டாம்னீங்க. யோசிச்சுச் சொன்னீங்களா, கோபத்துல சொன்னீங்களான்னு பாருங்க. தெரிஞ்சதும் லீலாவதிகிட்ட சொல்லி அனுப்புங்க."

ஒரு செருப்பின் வார் பிய்ந்திருந்தது. குனிந்து, சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அதில் மாட்டினாள். முள் ஏறிய விரல், ஊக்கு இரண்டு தடவை வழுக்கியது. பிறகு முடிச்சை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டில் நின்ற கம்பெனி பஸ்ஸைப் பார்த்துப் படியிறங்கினாள்.